அமைப்பு அழைப்பு மேக்ரோ

அமைப்பு அழைப்பு மேக்ரோ என்பது, யுனிக்சு வகை இயங்குதளங்களில் ஒரு பயனர் நிரல் கருவின் சேவையைக் கேட்டுப் பெறுவதற்குத் தேவையான மிகக் கீழ்மட்டக் கட்டளைகளை உருவாக்கித் தரும் குறுநிரல் ஆகும். கெர்னல் எனப்படும் கரு, இயங்குதளத்தின் மையப் பகுதி ஆகும். கோப்பைப் படித்தல், திரையில் எழுதுதல், புதிய செயல்முறையைத் தொடங்குதல் போன்ற பணிகளைப் பயனர் நிரல் நேரடியாகச் செய்ய இயலாது. கருவிடம் கேட்டே செய்ய வேண்டும். இவ்வாறு கேட்பது சிஸ்டம் கால் அல்லது அமைப்பு அழைப்பு எனப்படுகிறது.

ஒவ்வோர் அமைப்பு அழைப்புக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணை எந்தப் பதிவகத்தில் வைப்பது, அளபுருக்களை எந்த வரிசையில் வைப்பது, விடையை எங்கிருந்து எடுப்பது என்பவை பயனர் நிரலுக்கும் கருவுக்கும் இடையிலான ஒப்பந்தம் ஆகும். இவ்வொப்பந்தத்தை நிரலாளர் ஒவ்வொரு முறையும் கையால் எழுதாமல், ஓரிடத்தில் எழுதிப் பலமுறை பயன்படுத்த மேக்ரோக்கள் உதவுகின்றன. லினக்சில் இம்மேக்ரோக்கள் முதலில் பயனர்களுக்கான தலைப்புக் கோப்பில் இருந்தன. பின்னர் அவை அங்கிருந்து நீக்கப்பட்டன. வேறொரு வடிவிலான மேக்ரோக்கள் கருவின் உட்புறத்தில் 2009 முதல் பயன்படுகின்றன.

பின்னணி

தற்கால நுண்செயலிகள் குறைந்தது இரண்டு நிலைகளில் இயங்கக் கூடியவை. பயனர் நிலையில் இயங்கும் நிரல் தனக்கு ஒதுக்கப்பட்ட நினைவகத்தை மட்டுமே தொடலாம். வட்டு, விசைப்பலகை, வலையமைப்பு அட்டை போன்ற வன்பொருள்களை அது தொட முடியாது. கரு நிலையில் இயங்கும் நிரலுக்கு இத்தடைகள் இல்லை. ஒரு நிரலில் ஏற்படும் பழுது முழுக் கணினியையும் வீழ்த்தாதிருப்பதற்கும், ஒரு பயனரின் தரவை மற்றொருவர் திருடாதிருப்பதற்கும் இப்பிரிவினையே அடிப்படை ஆகும்.

பயனர் நிலையிலிருந்து கரு நிலைக்குச் சாதாரணச் செயற்கூறு அழைப்பின் மூலம் தாவ முடியாது. அதற்கென நுண்செயலியில் ஒரு தனிக் கட்டளை உள்ளது. அக்கட்டளை நிறைவேறும்போது நுண்செயலி தன் நிலையை மாற்றிக்கொண்டு, கரு முன்கூட்டியே குறித்து வைத்திருக்கும் ஒரே நுழைவாயிலுக்குச் செல்கிறது. பயனர் நிரல் விரும்பிய இடத்தில் கருவுக்குள் நுழைய இயலாது. நுழைவாயிலில் கரு அழைப்பு எண்ணைப் பார்த்து, ஓர் அட்டவணையிலிருந்து உரிய செயற்கூறைத் தேர்ந்தெடுத்து இயக்குகிறது.

நிரலகச் செயற்கூறும் அமைப்பு அழைப்பும்

சி மொழியில் எழுதப்படும் நிரல்கள் பெரும்பாலும் சி நிரலகத்தின் வழியாகவே கருவை அணுகுகின்றன. இதனால் நிரலகச் செயற்கூறும் அமைப்பு அழைப்பும் ஒன்றே என்ற எண்ணம் மாணவர்களிடம் எளிதில் ஏற்படுகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஆம் ஆண்டு ஒழுங்குமுறையிலான இயங்குதள ஆய்வகப் பாடத்திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும். சேலம், நாமக்கல் மாவட்டங்கள் உட்படத் தமிழ்நாடெங்கும் உள்ள இணைவுக் கல்லூரிகளுக்கான இப்பாடத்திட்டம், யுனிக்சு அமைப்பு அழைப்புகள் என்ற தலைப்பில் ஃபோர்க், எக்செக், கெட்பிட், எக்சிட், வெயிட், குளோஸ், ஸ்டாட், ஓப்பன்டிர், ரீட்டிர் ஆகியவற்றைத் தருகிறது. லினக்சில் இவற்றின் உண்மை நிலை பின்வருமாறு:

* கெட்பிட், குளோஸ் ஆகியவை அதே பெயருடைய அமைப்பு அழைப்புகளை நேரடியாகச் செய்கின்றன.
* எக்செக் என்பது ஒரு குடும்பத்தின் பெயர். அக்குடும்பத்தின் வழக்கமான ஆறு செயற்கூறுகளும் இறுதியில் எக்செக்விஇ என்ற ஒரே அமைப்பு அழைப்பையே சென்றடைகின்றன.
* ஃபோர்க் செயற்கூறு, குனு சி நிரலகத்தில் குளோன் என்ற அமைப்பு அழைப்பாக மாறுகிறது.
* எக்சிட் செயற்கூறு, இடைத்தாங்கிகளில் மீதமுள்ள தரவை எழுதி முடித்த பின்னர் எக்சிட்_குரூப் என்ற அமைப்பு அழைப்பைச் செய்கிறது.
* வெயிட், வெயிட்4 என்ற அமைப்பு அழைப்பாகிறது.
* ஓப்பன்டிர், ரீட்டிர் ஆகிய இரண்டும் நிரலகச் செயற்கூறுகள் ஆகும். முன்னது ஓப்பன்அட் அழைப்பையும் பின்னது கெட்டென்ட்ஸ்64 அழைப்பையும் பயன்படுத்துகின்றன.

எஸ்ட்ரேஸ் என்ற கருவியின் கீழ் நிரலை இயக்கினால், அது கருவிடம் செய்யும் ஒவ்வோர் அழைப்பும் வரிசையாகத் திரையில் தோன்றும். நிரலில் எழுதிய பெயரும் கருவை அடைந்த பெயரும் வேறுபடும் இடங்களை இதன் மூலம் நேரில் காணலாம்.

மேக்ரோவின் அடிப்படை

சி மொழியில் தொகுப்பி வேலையைத் தொடங்கும் முன்னர், முன்செயலி என்ற பகுதி மூலநிரலைப் படித்து உரை மாற்றங்களைச் செய்கிறது. மேக்ரோ என்பது அம்மாற்றத்துக்கான விதி ஆகும். மேக்ரோவுக்கு அளபுருக்கள் உண்டு. ஆனால் அவை மதிப்புகள் அல்ல, உரைத்துண்டுகள். எனவே ஒரு தரவினத்தின் பெயரையோ ஒரு செயற்கூறின் பெயரையோ கூட மேக்ரோவுக்கு அளபுருவாகத் தரலாம். சாதாரணச் செயற்கூறால் இது இயலாது.

முன்செயலிக்கு மற்றொரு வசதியும் உண்டு. இரட்டை எண்குறி இடப்பட்டால் இரு உரைத்துண்டுகள் ஒட்டி ஒரே பெயராகின்றன. "__என்ஆர்_" என்ற முன்னொட்டையும் "ரைட்" என்ற பெயரையும் ஒட்டினால் "__என்ஆர்_ரைட்" கிடைக்கும். இப்பெயருக்குரிய எண் தலைப்புக் கோப்பில் வரையறுக்கப்பட்டிருக்கும். அமைப்பு அழைப்பு மேக்ரோக்கள் முழுவதும் இந்த ஒட்டுதலையே நம்பியுள்ளன.

லினக்சின் _சிஸ்கால் மேக்ரோக்கள்

லினசு டோர்வால்டுசு 1991 இல் வெளியிட்ட லினக்சின் தொடக்கப் பதிப்புகளிலேயே இம்மேக்ரோக்கள் இடம்பெற்றன. அப்போது _சிஸ்கால்0 முதல் _சிஸ்கால்3 வரை நான்கு மேக்ரோக்கள் இருந்தன. பின்னர் இவை _சிஸ்கால்6 வரை ஏழாக வளர்ந்தன. பெயரின் இறுதியிலுள்ள இலக்கம், அமைப்பு அழைப்பு ஏற்கும் அளபுருக்களின் எண்ணிக்கையைக் குறிக்கும்.

மேக்ரோவுக்குத் தர வேண்டியவை மூன்று வகைப்படும். முதலில் விடையின் தரவினம், அடுத்து அழைப்பின் பெயர், அதன் பின்னர் ஒவ்வோர் அளபுருவின் தரவினமும் பெயரும் இணை இணையாக வரும். எனவே _சிஸ்கால்0 க்கு 2 உரைத்துண்டுகளும் _சிஸ்கால்3 க்கு 8 உரைத்துண்டுகளும் தேவை.

எடுத்துக்காட்டாக, ரைட் என்ற அழைப்புக்குக் கோப்பு எண், தரவு உள்ள முகவரி, எழுத வேண்டிய பைட்டுகளின் எண்ணிக்கை என மூன்று அளபுருக்கள் உள்ளன. _சிஸ்கால்3 மேக்ரோவை இந்த விவரங்களுடன் ஒரு வரியில் எழுதினால், முன்செயலி அவ்வரியை ரைட் என்ற பெயருடைய முழுச் செயற்கூறாக விரித்து எழுதுகிறது. 32-பிட் இன்டெல் நுண்செயலியில் அச்செயற்கூறு செய்யும் வேலைகள்:

* __என்ஆர்_ரைட் என்ற எண்ணை இஏஎக்ஸ் பதிவகத்தில் இடுகிறது. அவ்வெண் 4 ஆகும்.
* மூன்று அளபுருக்களையும் முறையே இபிஎக்ஸ், இசிஎக்ஸ், இடிஎக்ஸ் பதிவகங்களில் இடுகிறது.
* 128 ஆம் எண் மென்பொருள் குறுக்கீட்டை எழுப்பிக் கருவுக்குள் நுழைகிறது. பதினறும எண்முறையில் 128 என்பது 80 ஆதலால், இது "இன்ட் 80" எனக் குறிப்பிடப்படுகிறது.
* திரும்பி வந்ததும் இஏஎக்ஸ் பதிவகத்திலுள்ள விடையைச் சோதிக்கிறது.
* விடை பிழையைக் குறித்தால், பிழை எண்ணை எர்நோ என்ற மாறியில் இட்டு, -1 ஐத் திருப்பி அனுப்புகிறது. இல்லையேல் விடையை அப்படியே அனுப்புகிறது.

இவ்வேலைகளுள் எதுவும் கோப்பில் எழுதுவதன்று. மேக்ரோ பதிவகங்களை ஒழுங்குபடுத்தி வாயிலைத் தட்டுகிறது. எழுதும் வேலையைக் கரு செய்கிறது.

ஃபோர்க்கும் உள்ளமை செயற்கூறும்

தொடக்ககால லினக்சில் மேக்ரோவின் பயன் தட்டச்சைக் குறைப்பதோடு நிற்கவில்லை. கணினி தொடங்கும்போது இயங்கும் முதற்பணி, கருவின் நினைவகத்திலிருந்தே ஃபோர்க் அழைப்பைச் செய்தது. அந்நிலையில் தாய்ச் செயல்முறையும் சேய்ச் செயல்முறையும் ஒரே அடுக்கைப் பகிர்ந்துகொள்ளும். ஃபோர்க் சாதாரணச் செயற்கூறாக இருந்தால், அதை அழைக்கும்போது திரும்பும் முகவரி அடுக்கில் எழுதப்படும். ஒரு செயல்முறை அடுக்கை மாற்றும்போது மற்றதற்குரிய முகவரி கெட்டுவிடும். எனவே _சிஸ்கால்0 மூலம் ஃபோர்க் உள்ளமை செயற்கூறாக வரையறுக்கப்பட்டது. இதனால் அடுக்கைத் தொடாமல், கட்டளைகள் அழைக்கும் இடத்திலேயே விரிந்தன.

பதிவக ஒப்பந்தம்

அழைப்பு எண்களும் பதிவகங்களும் நுண்செயலிக் கட்டமைப்புக்கு ஏற்ப மாறுகின்றன. லினக்சில் மூன்று கட்டமைப்புகளின் ஒப்பந்தம் கீழே தரப்பட்டுள்ளது.

* 32-பிட் எக்சு86: நுழைவுக் கட்டளை இன்ட் 80. எண் இஏஎக்ஸ் பதிவகத்தில். அளபுருக்கள் இபிஎக்ஸ், இசிஎக்ஸ், இடிஎக்ஸ், இஎஸ்ஐ, இடிஐ, இபிபி பதிவகங்களில். ரீட் 3, ரைட் 4, கெட்பிட் 20, எக்சிட் 1.
* 64-பிட் எக்சு86: நுழைவுக் கட்டளை சிஸ்கால். எண் ஆர்ஏஎக்ஸ் பதிவகத்தில். அளபுருக்கள் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்10, ஆர்8, ஆர்9 பதிவகங்களில். ரீட் 0, ரைட் 1, கெட்பிட் 39, எக்சிட் 60.
* 64-பிட் ரிஸ்க்-வி: நுழைவுக் கட்டளை ஈகால். எண் ஏ7 பதிவகத்தில். அளபுருக்கள் ஏ0 முதல் ஏ5 வரை. ரீட் 63, ரைட் 64, கெட்பிட் 172, எக்சிட் 93.

64-பிட் எக்சு86 இல் சாதாரணச் செயற்கூறு அழைப்பின் நான்காம் அளபுரு ஆர்சிஎக்ஸ் பதிவகத்தில் வைக்கப்படும். அமைப்பு அழைப்பில் மட்டும் அது ஆர்10 க்கு மாற்றப்பட்டுள்ளது. சிஸ்கால் கட்டளை, திரும்பும் முகவரியை ஆர்சிஎக்ஸ் பதிவகத்தில் எழுதி அதன் பழைய மதிப்பை அழித்துவிடுவதே இதற்குக் காரணம்.

எண்களைக் கட்டமைப்பு மாற்றிப் பயன்படுத்தினால் விளைவு விபரீதமாகலாம். 32-பிட் பாடநூலில் கண்ட 4 என்ற எண்ணை 64-பிட் கணினியில் சிஸ்கால் கட்டளையுடன் பயன்படுத்தினால், ரைட் அழைப்புக்குப் பதிலாகக் கோப்பின் விவரங்களைத் தரும் ஸ்டாட் அழைப்பு நிகழும். 64-பிட் அட்டவணையின் 1 என்ற எண்ணை இன்ட் 80 உடன் பயன்படுத்தினால், எதுவும் எழுதப்படாமல் நிரல் முடிந்துவிடும். 32-பிட் அட்டவணையில் 1 என்பது எக்சிட் ஆகும். இவ்விரு நிலைகளிலும் தொகுப்பி எந்த எச்சரிக்கையும் தராது.

பதிவகங்களின் எண்ணிக்கையும் ஒரு வரம்பு ஆகும். நினைவகப் பகுதியை ஒதுக்கும் எம்மேப் அழைப்புக்கு ஆறு அளபுருக்கள் தேவை. 32-பிட் லினக்சின் தொடக்ககாலத்தில் இத்தனை பதிவகங்கள் பயன்படுத்தப்படவில்லை. எனவே ஆறு மதிப்புகளையும் நினைவகத்தில் வரிசையாக வைத்து, அவ்விடத்தின் முகவரியை மட்டும் அனுப்பும் முறை பின்பற்றப்பட்டது.

பிழையைத் தெரிவித்தல்

லினக்சில் கருவும் பயனர் நிரலும் பெரும்பாலான கட்டமைப்புகளில் ஒரே பதிவகத்தின் மூலம் விடையையும் பிழையையும் பரிமாறிக்கொள்கின்றன. பிழை எண் எதிர்மமாக அனுப்பப்படுகிறது. எடுத்துக்காட்டாக, கோப்பு இல்லை என்பதற்கான பிழை எண் 2. கரு அனுப்புவது -2. எர்நோ என்ற மாறியைக் கரு அறியாது. அதை நிரப்புவது மேக்ரோவின் அல்லது நிரலகத்தின் வேலை ஆகும்.

1991 ஆம் ஆண்டின் மேக்ரோ, எதிர்ம எண்கள் அனைத்தையும் பிழையாகக் கொண்டது. இதில் ஒரு சிக்கல் உண்டு. 32-பிட் கணினியில் 2 கிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவக முகவரிகளைக் குறியுடைய எண்ணாகப் படித்தால் அவை எதிர்மமாகத் தோன்றும். முகவரியைத் திருப்பி அனுப்பும் அழைப்பு வெற்றி பெற்றாலும் பிழையாகக் கருதப்படும். இதனால் பிற்கால மேக்ரோக்கள், பூச்சியத்தை ஒட்டிய சிறிய எதிர்ம எண்களை மட்டும் பிழையாகக் கொண்டன. இன்றைய லினக்சில் -4095 முதல் -1 வரையிலான மதிப்புகள் இதற்கு ஒதுக்கப்பட்டுள்ளன.

பயனர் தலைப்புக் கோப்பிலிருந்து நீக்கம்

2006 ஆம் ஆண்டில் வெளியான 2.6.18 பதிப்பை ஒட்டி, _சிஸ்கால் மேக்ரோக்கள் பயனர் நிரல்களுக்கு வழங்கப்படும் தலைப்புக் கோப்புகளிலிருந்து நீக்கப்பட்டன. கருவின் உள்ளகக் கோப்புகளிலிருந்து பயனருக்குரிய பகுதியை மட்டும் பிரித்து நிறுவும் வசதி அதே பதிப்பில்தான் அறிமுகமானது. இம்மேக்ரோக்களில் பல குறைகள் காணப்பட்டன:

* பகிர்வு நிரலகங்களுக்கான 32-பிட் நிரலில் இபிஎக்ஸ் பதிவகம் வேறொரு வேலைக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். மேக்ரோவும் அதையே கேட்டதால் தொகுப்பி பிழை காட்டியது.
* மேக்ரோ இன்ட் 80 என்ற பழைய வாயிலையே எப்போதும் பயன்படுத்தியது. புதிய நுண்செயலிகளில் அதைவிட விரைவான வாயில்கள் வந்த பின்னரும், மேக்ரோ கொண்டு தொகுக்கப்பட்ட நிரல்களுக்கு அப்பயன் கிட்டவில்லை.
* 32-பிட் கணினியில் 64-பிட் மதிப்பை இரு பதிவகங்களாகப் பிரித்து அனுப்பும் முறை கட்டமைப்புக்குக் கட்டமைப்பு வேறுபட்டது. பொதுவான மேக்ரோவால் இதைக் கையாள இயலவில்லை.
* ஐஏ-64 போன்ற சில கட்டமைப்புகளில் இம்மேக்ரோக்கள் ஒருபோதும் வழங்கப்படவில்லை. எனவே இவற்றை நம்பிய நிரல்கள் அங்கு இயங்கவில்லை.

இவற்றுக்கு மாற்றாக, சி நிரலகத்திலுள்ள சிஸ்கால் என்ற செயற்கூறு பரிந்துரைக்கப்பட்டது. 4பிஎஸ்டி யுனிக்சில் முதலில் தோன்றிய இச்செயற்கூறுக்கு அழைப்பு எண்ணையும் அளபுருக்களையும் தந்தால் போதும். பதிவகங்களை ஒழுங்குபடுத்துதல், பிழையைச் சோதித்தல் ஆகியவற்றை அதுவே செய்கிறது.

இம்மாற்றத்தின் விளைவைக் கெட்டிட் அழைப்பில் நன்கு காணலாம். இழையின் அடையாள எண்ணைத் தரும் இவ்வழைப்பு, லினக்சு 2.4.11 பதிப்பில் சேர்க்கப்பட்டது. குனு சி நிரலகத்தில் இதற்கான செயற்கூறு 2019 இல் வெளியான 2.30 பதிப்பில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் நிரலாளர்கள் தாமே அழைப்பை உருவாக்க வேண்டியிருந்தது. பழைய எடுத்துக்காட்டுகள் இதற்கு _சிஸ்கால்0 மேக்ரோவைப் பயன்படுத்தின. அவற்றைப் புதிய கணினியில் தொகுத்தால், முன்செயலிக்கு அப்பெயர் தெரியாததால் வரி விரிவடையாது. தொகுப்பி பிழை காட்டும். இது மாணவர் எழுதிய நிரலின் பிழையன்று. நூலின் காலமும் கணினியின் காலமும் வேறுபடுவதன் விளைவு ஆகும். அவ்வரியை நீக்கிவிட்டுச் சிஸ்கால் செயற்கூறைப் பயன்படுத்தினால் நிரல் இயங்கும்.

கருவின் பக்கத்திலுள்ள மேக்ரோக்கள்

ஒப்பந்தத்தின் மறுமுனையில், கருவுக்குள் ஒவ்வோர் அமைப்பு அழைப்புக்கும் ஒரு செயற்கூறு உள்ளது. 2009 வரை இவை சிஸ்_ரைட் போன்ற பெயர்களில் சாதாரணச் செயற்கூறுகளாக எழுதப்பட்டன. அவ்வாண்டு சனவரியில் வெளிப்பட்ட ஒரு பாதுகாப்பு வழு இந்நிலையை மாற்றியது. இது சிவிஇ-2009-0029 என்ற எண்ணால் அறியப்படுகிறது.

எஸ்390, பவர்பிசி, எஸ்பார்க்64, மிப்ஸ் ஆகிய 64-பிட் கட்டமைப்புகளில் இவ்வழு இருந்தது. அங்கு 32-பிட் மதிப்பை 64-பிட் பதிவகத்தில் அனுப்பும்போது, மேற்பாதியைக் குறிக்கு ஏற்ப நிரப்பும் பொறுப்பு அழைப்பவருடையது. சாதாரண நிரலில் அழைப்பவரும் அழைக்கப்படுபவரும் ஒரே தொகுப்பியால் உருவானவர்கள். எனவே இவ்விதி மீறப்படுவதில்லை. அமைப்பு அழைப்பிலோ அழைப்பவர் பயனர் நிரல். தீய நோக்குடைய ஒருவர் மேற்பாதியில் விரும்பிய பிட்டுகளை வைத்து அனுப்பலாம். கருவைத் தொகுத்த தொகுப்பி, விதி பின்பற்றப்பட்டதாகவே எண்ணிக் கட்டளைகளை உருவாக்கியிருக்கும். கீழ்ப்பாதியை மட்டும் பார்க்கும் எல்லைச் சோதனையைக் கடந்த ஒரு மதிப்பு, பின்னர் முழுப் பதிவகமாக முகவரிக் கணக்கில் பயன்பட்டால், கரு தொடக் கூடாத நினைவகத்தைத் தொட நேரிடும். இதனால் கணினி செயலிழக்கவும், சாதாரணப் பயனர் ஒருவர் மேலதிக உரிமைகளைப் பெறவும் வாய்ப்பு இருந்தது. 64-பிட் எக்சு86 கட்டமைப்பு இவ்வழுவால் பாதிக்கப்படவில்லை.

இதற்குத் தீர்வாகச் சிஸ்கால்_டிஃபைன்0 முதல் சிஸ்கால்_டிஃபைன்6 வரையிலான மேக்ரோக்கள் உருவாக்கப்பட்டன. பழைய மேக்ரோக்களைப் போலவே இவற்றுக்கும் பெயர், தரவினம், அளபுரு ஆகியவை இணை இணையாகத் தரப்படுகின்றன. மேக்ரோ விரிவடையும்போது ஓர் இடைச் செயற்கூறு உருவாகிறது. அது எல்லா அளபுருக்களையும் முழுப் பதிவக அளவில் பெற்று, ஒவ்வொன்றையும் உரிய தரவினத்துக்கு மாற்றி, அதன் பின்னரே உண்மையான செயற்கூறிடம் ஒப்படைக்கிறது. மாற்றத்தின்போது மேற்பாதி புதிதாக நிரப்பப்படுவதால், பயனர் அனுப்பிய பிட்டுகள் அழிந்துவிடுகின்றன. நூற்றுக்கணக்கான அழைப்புகளைத் தனித்தனியே சோதித்துத் திருத்துவதற்குப் பதிலாக, அவற்றின் முதல் வரியை மேக்ரோவாக மாற்றியதன் மூலம் முழு வகைப் பிழையும் ஓரிடத்தில் அடைக்கப்பட்டது. 2.6.29 பதிப்பு முதல் இம்முறை லினக்சில் உள்ளது.

2018 இல் வெளியான 4.17 பதிப்பில், 64-பிட் எக்சு86 கட்டமைப்புக்கு இம்மேக்ரோக்கள் மேலும் மாற்றப்பட்டன. அதன்படி நுழைவாயிலில் சேமிக்கப்பட்ட பதிவகங்களின் தொகுப்பு மட்டும் இடைச் செயற்கூறுக்குத் தரப்படுகிறது. அழைப்புக்குத் தேவையான பதிவகங்களை மட்டுமே அது எடுத்துக்கொள்கிறது. தேவையற்ற பதிவகங்களில் பயனர் வைத்த மதிப்புகள் கருவின் உட்பகுதிக்குக் கசிவது இதனால் தடுக்கப்படுகிறது. அழைப்புகளை வெளியிலிருந்து பார்க்கும் பயனருக்கு இம்மாற்றங்களால் எந்த வேறுபாடும் இல்லை.

மேக்ரோ செய்யாத சோதனைகளும் உண்டு. பயனர் அனுப்பும் முகவரி உண்மையில் பயனரின் நினைவகத்தைச் சேர்ந்ததா என்பதை ஒவ்வோர் அழைப்பும் சோதிக்க வேண்டும். 4.13 பதிப்பின் வெயிட்ஐடி அழைப்பில் இச்சோதனை விடுபட்டது. அதனால் பயனர் நிரல் கருவின் நினைவகத்தில் எழுத வழி ஏற்பட்டு, 2017 இல் அது திருத்தப்பட்டது.

பிற யுனிக்சு வகை இயங்குதளங்கள்

பிடிபி-11 கணினியில் இயங்கிய தொடக்ககால யுனிக்சில், டிராப் என்ற கட்டளை கருவுக்குள் நுழையப் பயன்பட்டது. அழைப்பு எண் அக்கட்டளையின் கீழ் பைட்டிலேயே பொதிந்திருந்தது. பிழை ஏற்பட்டால் நுண்செயலியின் மிகைக் கொடி உயர்த்தப்படும். பிஎஸ்டி வழிவந்த இயங்குதளங்களும் எக்சு86 கட்டமைப்பில் மிகைக் கொடியையே பிழைக்கு அடையாளமாகக் கொண்டன. எனவே லினக்சுக்கு எழுதிய மேக்ரோவை ஃபிரீபிஎஸ்டியில் பயன்படுத்த இயலாது. 32-பிட் எக்சு86 இல் ஃபிரீபிஎஸ்டி அளபுருக்களைப் பதிவகங்களில் அன்றி அடுக்கில் எதிர்பார்க்கிறது.

அழைப்பு எண்கள் நிலையானவையா என்பதிலும் வேறுபாடு உள்ளது. லினக்சு, பயனர் நிரல்களுக்குத் தந்த அழைப்பு எண்களை மாற்றுவதில்லை. ஆப்பிளின் மேக் இயங்குதளத்தில் இவ்வுறுதி இல்லை. நிரலகத்தின் வழியாகவே கருவை அணுக வேண்டும். கோ மொழியின் தொகுப்பி, நிரலகத்தைத் தவிர்த்து நேரடியாக அழைப்புகளைச் செய்து வந்தது. 2016 இல் வெளியான மேக் சியரா பதிப்பில் ஓர் அழைப்பின் நடத்தை மாறியதால், முன்னர் தொகுக்கப்பட்ட கோ நிரல்கள் செயலிழந்தன. 2018 இல் வெளியான கோ 1.11 முதல் மேக் கணினிகளில் நிரலகம் பயன்படுத்தப்படுகிறது. 2024 ஏப்ரலில் வெளியான ஓப்பன்பிஎஸ்டி 7.5 இன்னும் ஒரு படி சென்று, பொதுவான சிஸ்கால் அழைப்பை நீக்கியதோடு, முன்கூட்டியே பதிவு செய்யப்பட்ட இடங்களிலிருந்து வரும் அழைப்புகளை மட்டும் ஏற்கிறது.

தமிழ்நாட்டுச் சூழல்

சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்சு 2007 இல் வெளியானது. தமிழ்நாடு அரசு 2011 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோசுடன் இதுவும் நிறுவப்பட்டது. இதனால் சேலம், நாமக்கல் போன்ற மாவட்டங்களின் மாணவர்களுக்கும் சொந்தமாக ஒரு யுனிக்சு வகை இயங்குதளம் கிடைத்தது. இக்கணினிகள் வந்தபோது _சிஸ்கால் மேக்ரோக்கள் நீக்கப்பட்டு ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. எனவே அதற்கு முந்தைய கரு நூல்களின் எடுத்துக்காட்டுகளை இவற்றில் மாற்றமின்றித் தொகுக்க இயலாது.

சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய சக்தி நுண்செயலி, இத்துறையில் மற்றொரு வாய்ப்பைத் தருகிறது. ரிஸ்க்-வி கட்டளைத் தொகுதியைப் பின்பற்றும் இதன் வடிவமைப்பு கட்டற்ற உரிமத்தில் வெளியிடப்பட்டுள்ளது. 2018 இல் உருவான சக்திச் சில்லில் லினக்சு இயக்கிக் காட்டப்பட்டது. இதில் ஈகால் கட்டளை நிறைவேறும்போது வன்பொருளுக்குள் நிகழ்வதையும் மூலநிரல் வடிவிலேயே படிக்கலாம். பயனர் நிலையிலிருந்து வந்த ஈகால் என்பதற்கு 8 என்ற காரண எண் பதிவாகும்; கரு அதைப் பார்த்து அமைப்பு அழைப்பு எனத் தெரிந்துகொண்டு, ஏ7 பதிவகத்திலுள்ள எண்ணுக்குரிய செயற்கூறை இயக்குகிறது. நிரலகம், மேக்ரோ, கரு, வன்பொருள் ஆகிய நான்கு அடுக்குகளையும் மறைவின்றிப் படிக்க இயலும் என்பது மாணவர்களுக்கு இதன் சிறப்பு ஆகும்.

இன்றைய பயன்பாடு

சாதாரணப் பயன்பாட்டு நிரல்களுக்கு அமைப்பு அழைப்பு மேக்ரோக்கள் தேவையில்லை. சி நிரலகத்தின் செயற்கூறுகள் போதுமானவை. நிரலகத்தில் இன்னும் சேர்க்கப்படாத புதிய அழைப்பைச் சோதிக்கச் சிஸ்கால் செயற்கூறு பயன்படுகிறது. சி நிரலகத்தை உருவாக்குவோர், புதிய மொழிகளுக்குத் தொகுப்பி எழுதுவோர், நிரலகமே இல்லாத மிகச் சிறிய நிரல்களை எழுதுவோர் ஆகியோருக்கு மேக்ரோக்கள் இன்றும் தேவைப்படுகின்றன. குனு சி நிரலகம், மசல் நிரலகம் ஆகியவற்றின் உள்ளே இத்தகைய மேக்ரோக்கள் உள்ளன. லினக்சு கருவின் மூலநிரலோடு வழங்கப்படும் நோலிப்சி என்ற சிறு நிரலகமும், அளபுருக்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற மேக்ரோக்களைக் கொண்டே எழுதப்பட்டுள்ளது.

இவற்றையும் பார்க்க

* கரு (இயங்குதளம்)
* லினக்சு
* யுனிக்சு
* சி நிரலகம்
* முன்செயலி
* பாஸ் லினக்சு
* சக்தி நுண்செயலி